இந்த செப்டம்பரா, அடுத்த செப்டம்பரா? ரெசிடென்சி கனவோடு இருக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜனுக்குப் பதில்

கேள்வி: நான் கோவைப் பக்கம் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். மார்ச் கடைசியில் சிஆர்ஆர்ஐ என்ற கட்டாய மருத்துவப் பயிற்சி முடிகிறது. அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சி, அதாவது மேற்படிப்புப் பயிற்சி, செய்ய வேண்டும் என்பது ஆசை. அதற்கு எழுத வேண்டிய யூஎஸ்எம்எல்இ தேர்வுகளில் ஒன்றான ஸ்டெப் 1-க்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எலிஜிபிலிட்டி (தேர்வு எழுதுவதற்கான அனுமதிக் காலம்) வாங்கி, மார்ச் 25-ஆம் தேதிக்கு சென்னையில் இடம் பிடித்திருக்கிறேன். யூவேர்ல்ட் கேள்வி வங்கி பாதி முடிந்திருக்கிறது. என்பிஎம்இ மாதிரித் தேர்வு ஒன்றும் எழுதவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அடுத்த தேர்வான ஸ்டெப் 2 சிகே எழுதி, இந்த செப்டம்பரிலேயே விண்ணப்பித்துவிடலாம் என்று திட்டம். ரிசல்ட் தாமதமானாலும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் சீனியர்கள். ஸ்டெப் 3-ஐயும் முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்பாவோ, எதற்கும் இந்தியாவில் மேற்படிப்புக்கான நீட் பிஜியையும் எழுதிவிடு, வருஷத்தை வீணாக்காதே என்கிறார். எதைக் கேட்பது?

பதில்:

வணக்கம் டாக்டர். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களுக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் இந்த செப்டம்பரை விட்டுவிட்டு அடுத்த செப்டம்பரில் விண்ணப்பிப்பதே நல்லது என்று நினைக்கிறேன். ஒரு வருஷம் என்பது உங்கள் வயதில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

நான் இங்கே அமெரிக்காவில் ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் பார்க்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் ரெசிடென்சி விண்ணப்பங்களைப் படித்து, யாரை நேர்காணலுக்கு அழைக்கலாம் என்று பேசும் குழுவிலும் இருக்கிறேன். அந்த மேசையிலிருந்து பார்த்தால் உங்கள் திட்டம் எப்படித் தெரியும் என்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

உங்கள் கடிதத்தில் எல்லாக் கணக்கும் இன்றிலிருந்து முன்னோக்கிப் போகிறது: மார்ச்சில் ஸ்டெப் 1, ஆகஸ்ட்டில் ஸ்டெப் 2, செப்டம்பரில் விண்ணப்பம். இதைத் திருப்பிப் போட்டு, செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஈராஸ் என்ற ரெசிடென்சி விண்ணப்பத் தளத்தில் செப்டம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம். ஆனால் ரெசிடென்சி பயிற்சி தரும் எல்லா புரோகிராம்களுக்கும் கோப்புகள் ஒரே நாளில்தான் திறக்கும். 2024-ல் அது செப்டம்பர் 25, 2025-ல் செப்டம்பர் 24. அதற்கு முன் எந்த நாளில் சமர்ப்பித்திருந்தாலும் எல்லோருக்கும் அந்த ஒரே தேதிதான். அன்று காலை ஒரு இன்டர்னல் மெடிசின் புரோகிராமின் கணினியில் ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்து நிற்கும். யாரும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கத் தொடங்குவதில்லை. முதலில் வடிகட்டுவார்கள்: ஸ்டெப் 2 மதிப்பெண் இருக்கிறதா, எவ்வளவு, எந்தத் தேர்விலாவது தோல்வி உண்டா, படிப்பு முடித்து எத்தனை வருஷம் ஆகிறது, விசா தேவையா. இதையெல்லாம் தாண்டி வரும் கோப்பைத்தான் மனிதர்கள் படிக்கிறார்கள்.

2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். ஸ்டெப் 2 சிஎஸ் என்ற நேரடித் தேர்வையும் 2021-ல் நிறுத்திவிட்டார்கள். ஆக, உங்களைப் போன்ற வெளிநாட்டுப் பட்டதாரியை எண்ணால் அளக்க புரோகிராமிடம் மிச்சம் இருப்பது ஸ்டெப் 2 சிகே ஒன்றுதான். அது இல்லாத கோப்பு வடிகட்டியைத் தாண்டுவதே அரிது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் சீனியர்கள் சொன்னது விதிப்படி சரி. ரிசல்ட் வந்ததும் ஈராஸ் வழியாகத் திரும்ப அனுப்ப முடியும். ஆனால் நேர்காணல் அழைப்புகளில் பெரும்பகுதி அக்டோபரிலும் நவம்பர் முதல் பாதியிலும் போய்விடும். அக்டோபர் நடுவில் உங்கள் மதிப்பெண் வந்து சேரும்போது, ஏற்கெனவே ஒதுக்கிவைத்த கோப்பை மறுபடி எடுத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. இங்கேயே படித்த மாணவருக்காக அவருடைய கல்லூரி டீன் போன் செய்து பேசுவார். உங்களுக்காகப் பேச அந்தக் கோப்பைத் தவிர யாரும் இல்லை. அதனால்தான் அது முதல் நாளிலேயே முழுமையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

ரிசல்ட் வர வழக்கமாக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், புதன்கிழமைகளில் வெளியாகும். ஆகஸ்ட் கடைசியில் எழுதினால் செப்டம்பர் கடைசிக்குள் வந்துவிடும் என்று நீங்கள் போட்ட கணக்கு, எல்லாம் நல்லபடியாக நடந்தால் சரி. ஒரு காய்ச்சல், ஒரு வாரத் தாமதம், வீட்டில் ஒரு விசேஷம் என்று எது குறுக்கிட்டாலும் கணக்கு உடைந்துபோகும். ஜூலை நடுப்பகுதிக்குள் எழுதி முடிக்க முடியாதவர்கள் அந்த ஆண்டு விண்ணப்பத்தை நம்பி இருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

சரி, நாள் தவறாமல் ரிசல்ட் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்கு ஒரு கவலை மிச்சம் இருக்கிறது, அது இன்னும் பெரியது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை உங்கள் கையில் இருப்பது ஐந்து மாதம். அதற்குள் ஸ்டெப் 2-க்குப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவர்களோடு நின்று கவனித்துக் கற்கும் அப்சர்வர்ஷிப் செய்து, இங்குள்ள மருத்துவர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். வெளிநாட்டுப் பட்டதாரிகளின் தகுதியைச் சரிபார்க்கும் இசிஎஃப்எம்ஜி அமைப்பின் சான்றிதழுக்கான காகிதங்களை நகர்த்த வேண்டும். பர்சனல் ஸ்டேட்மென்ட் எழுத வேண்டும். இவற்றில் முதல் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மே, ஜூனில் ஏதோ ஓர் ஊரில் வாடகை அறை எடுத்துத் தங்கி, காலை ஆறரைக்கு ரவுண்ட்ஸ் போய்விட்டு, மாலையில் களைப்போடு யூவேர்ல்ட் திறப்பவருக்கு ஸ்டெப் 2-ல் அவருடைய உண்மையான மதிப்பெண் வராது. அப்சர்வர்ஷிப்பே வேண்டாம் என்று விட்டால் இங்கே வேலை பார்த்த அனுபவமோ, இங்குள்ள ஒருவரின் கடிதமோ இல்லாத கோப்பாகிவிடும். இரண்டில் ஒன்று குறைபட்டே தீரும்.

ஸ்டெப் 2-ல் பாஸ் மதிப்பெண் 2025 ஜூலையிலிருந்து 218. அதைத் தாண்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். விசா தேவைப்படும் வெளிநாட்டுப் பட்டதாரிக்கு 240-க்குக் கீழே கதவுகள் வேகமாக மூடிக்கொண்டே போகும். 250-ஐ ஒட்டி வந்தால் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடலாம். இன்னொன்றும் முக்கியம். பாஸ் ஆன தேர்வை, மதிப்பெண் போதவில்லை என்று மறுபடி எழுத முடியாது. அவசரத்தில் எழுதி 226 வாங்கினால் அந்த 226 கடைசி வரை உங்களோடு வரும். அடுத்த ஆண்டு எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் அதை அழிக்க வழி இல்லை. நீட் பிஜி மாதிரி அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இங்கே இடம் கிடையாது. நம் ஊர்த் தேர்வுகளுக்குப் பழகியவர்கள் இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் தாமதமாகத்தான் உணர்கிறார்கள்.

ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச்சில், 2025-ல், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58 சதவீதம் அளவுக்குத்தான் இடம் கிடைத்தது. பத்தில் நான்கு பேருக்குக் கிடைக்கவில்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இடம் கிடைக்காமல் அடுத்த ஆண்டு திரும்ப விண்ணப்பிப்பவர்கள், முந்தைய ஆண்டே தங்களைப் பார்த்து ஒதுக்கிய புரோகிராம்களின் முன்னால்தான் மறுபடி நிற்க வேண்டியிருக்கும். ஒரு வருஷம் காத்திருந்து நிறைவான கோப்போடு முதல்முறை வருவதும், குறையான கோப்போடு வந்து விலக்கப்பட்டு மறுபடி வருவதும் நாள்காட்டியில் ஒரே அளவுதான். இரண்டாவதில் பணமும் மனமும் கூடுதலாகச் செலவாகும்.

இனி உங்கள் மார்ச் 25. இப்போதைக்கு எனக்கு அவசரமாகப் படுவது இதுதான்.

சிஆர்ஆர்ஐ டியூட்டியோடு, யூவேர்ல்ட் பாதியில், ஒரு என்பிஎம்இ கூட எழுதாமல் தேதி எடுத்திருக்கிறீர்கள். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் ஒரு என்பிஎம்இ எழுதிவிடுங்கள். டியூட்டி முடிந்து வந்த நாளில் வேண்டாம். ஆஃப் கிடைக்கும் நாளில், காலையில், போனை அணைத்துவிட்டு, உண்மைத் தேர்வு போலவே உட்கார்ந்து எழுதுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அன்றே தேதியை ஏப்ரல் கடைசிக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் எலிஜிபிலிட்டி ஏப்ரல் வரை இருக்கிறது. முன்கூட்டி மாற்றினால் செலவு இல்லை, அல்லது குறைவு. கடைசி நாட்களில் மாற்றினால் நிறையக் கட்ட வேண்டிவரும். அடுத்தடுத்து இரண்டு மூன்று தாள்களில், வெவ்வேறு வாரங்களில், 70-ஐ ஒட்டி வந்தால் போய் எழுதுங்கள். ஒரு தாளில் மட்டும் 72 வந்து அடுத்ததில் 63 வந்தால் அந்த 72-ஐ நம்ப வேண்டாம். ஏப்ரலிலும் தயார் இல்லை என்றால் எலிஜிபிலிட்டியைக் கட்டணம் கட்டி ஒருமுறை நீட்டிக்கலாம். அந்தப் பணத்தை நினைத்துத் தயங்கி, தயாராகாமல் போய் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிச்சப்படுத்திய தொகையைவிடப் பல மடங்கு இழந்தார்கள்.

பாஸ், ஃபெயில் என்று ஆன பிறகு ஸ்டெப் 1 லேசாகிவிட்டது என்ற பேச்சு கல்லூரி விடுதிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். தேர்வு மாறவில்லை, அறிவிக்கும் முறைதான் மாறியது. பாஸ் ஆகத் தேவையான அளவை அப்போது சற்று உயர்த்தவும் செய்தார்கள். தோல்வி வந்தால் அது பதிவில் நிரந்தரமாக இருக்கும், பிறகு பாஸ் ஆனாலும் போகாது. அந்த ஒரு சொல்லைப் பார்த்தே வடிகட்டிவிடும் புரோகிராம்கள் ஏராளம். ஒரு ஸ்டெப்பை மொத்தம் நான்கு முறைதான் எழுத முடியும் என்ற வரம்பும் இருக்கிறது. ஆனால் இரண்டாவது முறையே உங்களுக்குத் தேவைப்படக் கூடாது.

சிலர் ஸ்டெப் 2-ஐ முதலில் எழுதிவிட்டு ஸ்டெப் 1-க்கு வரலாம் என்பார்கள். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு அந்த வரிசையும் செல்லும். இறுதியாண்டில் வார்டை விட்டு வராமல் படித்தவர்களில் சிலருக்கு அது ஒத்தும் வருகிறது. நீங்கள் ஏற்கெனவே ஸ்டெப் 1-ல் பாதி தூரம் வந்துவிட்டதால் வரிசையை மாற்ற வேண்டாம். ஸ்டெப் 1-க்காகப் படிக்கும் பிசியாலஜியும் பேத்தாலஜியும் பார்மகாலஜியும் ஸ்டெப் 2-ல் பாதி வேலையைச் செய்துகொடுக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. டெலிகிராம் குழுக்களில் தேர்வில் வந்த கேள்விகள் என்று சொல்லி விற்கிறார்கள், இலவசமாகவும் தருகிறார்கள். அதைத் தொடாதீர்கள். 2024 ஜனவரி கடைசியில் நேபாளத்தோடு தொடர்புள்ள பல தேர்வர்களின் மதிப்பெண்களை யூஎஸ்எம்எல்இ செல்லாது என்று அறிவித்தது. கேள்விகள் கசிந்ததாக எழுந்த சந்தேகத்தில், மேட்ச்சுக்குச் சில வாரங்களே இருந்த நேரத்தில், பலருடைய ஆண்டு தலைகீழானது. உழைத்து எழுதியவரையும் சந்தேகத்தில் நிறுத்தும் வேலை அது.

இனி அடுத்த பதினெட்டு மாதத்தை நான் எப்படி அடுக்குவேன் என்று சொல்கிறேன். ஸ்டெப் 1 மார்ச் அல்லது ஏப்ரல். சிஆர்ஆர்ஐ முடிந்த கையோடு தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் நிரந்தரப் பதிவு. இரண்டு வாரம் ஓய்வு, உண்மையாகவே ஓய்வு. அதற்குப் பின் பக்கத்தில் ஏதாவது ஒரு மருத்துவமனையில் டியூட்டி மெடிக்கல் ஆபீசராகச் சேருங்கள். வாரத்தில் மூன்று நாள் டியூட்டி கிடைத்தால் நல்லது. சம்பளம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்லும் ஒரு வெற்று ஆண்டை எங்கள் குழு எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். இரவு டியூட்டியில் சர்க்கரை நோயாளியையும் மாரடைப்பையும் டெங்குவையும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லும் ஆண்டு அப்படி இல்லை. அந்த அனுபவம் ஸ்டெப் 2-க்கும் நேரடியாக உதவும். ஸ்டெப் 2-ன் கேள்விகளில் பெரும்பாலானவை அடுத்து என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்கின்றன. கேஷுவால்டியில் நிற்பவருக்கு அந்தக் கேள்வி பழகிப்போயிருக்கும்.

ஸ்டெப் 2 சிகே அக்டோபர் கடைசி அல்லது நவம்பர். எழுதுவதற்கு முன் கடைசி ஆறு வாரமாவது வேலையை விட்டு முழுநேரம் படியுங்கள். டிசம்பர் கடைசி வரை இழுக்க வேண்டாம். ஜனவரி முதல் இரண்டு வாரம் இந்தத் தேர்வுகள் நடப்பதில்லை என்பதால், கொஞ்சம் தவறினால் மாதம் ஒன்று போய்விடும். ஸ்டெப் 2 முடிந்த பிறகு பிப்ரவரியிலிருந்து மே வரை அமெரிக்காவில் அப்சர்வர்ஷிப். அப்போது உங்கள் கையில் மதிப்பெண்ணும் இருக்கும் என்பதால் மருத்துவர்களிடம் தைரியமாகக் கேட்கலாம். அதற்கான பி1/பி2 விசா நேர்காணல் தேதி சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எப்போது கிடைக்கும் என்பது யார் கையிலும் இல்லை. ஆகவே ஸ்டெப் 1 எழுதிய வாரத்திலேயே விசா வேலையைத் தொடங்கிவிடுங்கள். ரவுண்ட்ஸில் உங்களை நன்றாகக் கவனித்த மருத்துவரிடம் ஊர் திரும்புவதற்கு முன்பே கடிதம் கேளுங்கள். எழுதித் தருகிறேன் என்று சொன்ன பிறகும் அவர்கள் ஈராஸில் ஏற்றி முடிக்க மாதக்கணக்கில் ஆகலாம். மரியாதையோடு நினைவூட்டிக்கொண்டே இருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு புரோகிராமுக்கு நான்கு கடிதம் வரை அனுப்பலாம். மூன்று இங்கிருந்தும் ஒன்று உங்கள் கல்லூரி மெடிசின் துறைத் தலைவரிடமிருந்தும் இருந்தால் போதும்.

ஓஇடி மெடிசின் தேர்வை எந்தத் தேதிக்குப் பிறகு எழுதினால் எந்த மேட்ச்சுக்குச் செல்லும் என்று இசிஎஃப்எம்ஜி அறிவிக்கும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இப்போதே எழுதி வைத்துவிட வேண்டாம். இசிஎஃப்எம்ஜி சான்றிதழ் பெறுவதற்கான பாத்வேஸ் என்ற வழிகளில், சொந்த நாட்டில் மேற்பார்வை இல்லாமல் மருத்துவம் பார்க்கப் பதிவு பெற்றவர்களுக்கான முதல் வழி உங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். கவுன்சில் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொன்னது அதற்காகவும்தான். பாத்வேஸ் விண்ணப்பத்துக்கு ஜனவரி கடைசி வரை நேரம் தருவது வழக்கம் என்றாலும், சீசன் திறந்தவுடன் போட்டுவிடுவது நல்லது. விண்ணப்பிக்கும் நாளிலேயே இசிஎஃப்எம்ஜி சான்றிதழ் கையில் இருக்கும் வெளிநாட்டுப் பட்டதாரிக்கு மதிப்பு அதிகம். அதுவே கட்டாயம் என்று சொல்லும் புரோகிராம்களும் உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு, தேர்வைப் பற்றிப் பேசும்போது யாரும் இதைச் சொல்வதில்லை: இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் பெயருக்குப் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் சர்நேமாக, எம்பிபிஎஸ் பட்டத்தில் மறுபடி ஒற்றை எழுத்து. தமிழ்நாட்டில் நமக்கு இதெல்லாம் ஒரே ஆள். அமெரிக்க அலுவலகத்துக்கு மூன்று பேர். ப்ரோமெட்ரிக் தேர்வு மையத்தின் வாசலில் உங்கள் அனுமதிச் சீட்டிலுள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். பட்டத்திலுள்ள பெயர் இசிஎஃப்எம்ஜி பதிவோடு பொருந்தாவிட்டால், இரண்டும் ஒருவர்தான் என்று காட்டும் ஆவணம் கேட்பார்கள். சான்றிதழ் அங்கேயே நின்றுவிடும். மார்ச் 25-ஐப் பற்றி யோசிப்பதற்கு முன் இன்று இரவே உங்கள் பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பட்டம் அச்சாவதற்கு முன் பல்கலைக்கழகத்தில் பெயரைச் சரிசெய்ய வாய்ப்பு இருந்தால் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பட்டமும் பட்டமளிப்பு விழா முடிந்துதான் கைக்கு வரும். அதை ஏற்றிய பிறகு இசிஎஃப்எம்ஜி கல்லூரிக்கே எழுதிச் சரிபார்க்கும். கல்லூரியில் அந்தக் கடிதத்துக்குப் பதில் போடும் கிளார்க் யார் என்று ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் அடுத்த செப்டம்பருக்குப் போனால் இதற்கெல்லாம் தாராளமாக நேரம் இருக்கும். இந்த செப்டம்பர் என்றால் இதற்கும் சேர்த்துத் தூக்கம் போகும்.

ஸ்டெப் 3. இதை எழுத இசிஎஃப்எம்ஜி சான்றிதழ் முதலில் வேண்டும். தேர்வு இரண்டு நாள், அமெரிக்காவில் மட்டும்தான் நடக்கிறது. சென்னையில் எழுத முடியாது. ரெசிடென்சியை எச்1பி என்ற வேலை விசாவில் செய்ய வேண்டுமானால் ஸ்டெப் 3 தேவை. ஜே1 என்ற பயிற்சி விசாவுக்குத் தேவையில்லை. அதனால்தான் பல ஆண்டுகளாக ஸ்டெப் 3-ஐயும் முடித்துவிடு என்ற அறிவுரை நம்மவர்களிடையே சுற்றி வருகிறது. ஆனால் 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை, வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்1பி-யில் வருபவர்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. ஒரு சாதாரண மருத்துவமனை ஒரு ரெசிடென்ட்டுக்காக அவ்வளவு கட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த விதி எப்படி மாறும் என்பதை விண்ணப்பிக்கும் நேரத்தில் பாருங்கள். இன்றைய நிலையில் நீங்கள் ஜே1-ஐ மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். ஜே1-ல் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. அதற்கு விலக்கு வாங்க, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருஷம் வேலை செய்யும் கான்ராட் 30 திட்டத்தில் பலர் போகிறார்கள். அது பிறகு வரும் கவலை. ஸ்டெப் 3-க்காக ஸ்டெப் 2-ன் ஒரு வாரத்தைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். எல்லாம் முடிந்து சான்றிதழும் வந்து, அமெரிக்காவில் இருக்கும் நாட்களில் நேரமும் இருந்தால் எழுதுங்கள்.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. பிள்ளை எம்பிபிஎஸ் முடித்து, ஊரார் கேட்கும்போது இன்னும் படிக்கிறாள் என்று சொல்வது எந்த அப்பாவுக்கும் எளிது அல்ல. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிப்பது வருஷத்தைக் காப்பாற்றாது. நீட் பிஜி மூன்றரை மணி நேரத்தில் 200 கேள்வி. சட்டென்று நினைவுக்கு வர வேண்டிய விவரங்கள் அதில் நிறைய. ஸ்டெப் தேர்வில் ஒவ்வொரு கேள்வியும் ஒரு நோயாளியின் நீண்ட கதை. எட்டு, ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து அதைப் படித்து யோசித்து முடிவெடுக்க வேண்டும். பாடம் ஒன்றாக இருந்தாலும் பழக்கம் வேறு. இரண்டுக்கும் ஒரே மாதங்களில் தயாராகி இரண்டிலும் நடுத்தரமாக நிற்பவர்களே அதிகம். தவிர, இந்தியாவில் ஒரு பிஜி இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டால் பாண்ட் (ஒப்பந்தம்) உண்டு, பாதியில் விட்டால் கட்ட வேண்டிய பணமும் உண்டு. அதில் சேர்ந்துகொண்டு அமெரிக்காவுக்கும் முயல்வேன் என்பது நடக்காத காரியம்.

அப்பாவிடம் பேசும்போது தேதிகளோடு உட்காருங்கள். இன்ன மாதம் ஸ்டெப் 1, இன்ன மாதம் ஸ்டெப் 2, இடையில் வேலை, இவ்வளவு சம்பளம், இவ்வளவு செலவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். செலவையும் மறைக்காதீர்கள். ஸ்டெப் 1, ஸ்டெப் 2 ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டாலருக்கு மேல், அப்புறம் ஓஇடி, விசா, விமானம், மூன்று நான்கு மாத வாடகை, ஈராஸ் விண்ணப்பங்கள். இவ்வளவையும் சேர்த்தால் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகைதான். அதை ஒருமுறை நன்றாகச் செலவழிப்பதா, அவசரத்தில் இரண்டுமுறை செலவழிப்பதா என்று கேட்டால் அவருக்குப் புரியும். ஸ்டெப் 2 மதிப்பெண் வந்த பிறகு, அது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தால், அடுத்த நீட் பிஜிக்கு முழுமனதோடு திரும்பலாம் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். மாற்று வழி இருக்கிறது என்று தெரிந்தால் வீட்டில் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

நான் சொன்னதை மாற்றிக்கொள்ளும் ஒரு நிலைமையும் இருக்கிறது. மார்ச்சில் ஸ்டெப் 1 பாஸ் ஆகி, ஜூன் நடுவில் எழுதும் ஸ்டெப் 2 மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 250-க்கு மேல் வந்து, அதற்கு முன்பே அமெரிக்க மருத்துவர்களின் கடிதம் குறைந்தது இரண்டு உங்களிடம் இருந்தால், ஜூலையில் எழுதி இந்த செப்டம்பரிலேயே விண்ணப்பியுங்கள். இறுதியாண்டில் அமெரிக்காவில் எலெக்டிவ் என்ற குறுகிய காலப் பயிற்சி செய்து வந்தவர்களுக்கு அது நடக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் சொல்லவில்லை. இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

இப்போதைக்கு பிப்ரவரி முதல் வாரத்து என்பிஎம்இ-யை எழுதிவிட்டு மதிப்பெண்ணை அனுப்புங்கள். எந்தப் பாடங்களில் குறைந்தது என்ற பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மார்ச் 25-ஐ வைத்துக்கொள்வதா, ஏப்ரலுக்கு நகர்த்துவதா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.